வெள்ள எங்கப்பா?

போன வருடம் ஐப்பசி மாதம். மழை விட்டபாடில்லை. எங்கள் தோட்டத்துப் பந்தலில் பன்னீர் திராட்சை அறுப்புக்கு வந்து நின்ற நேரம், தண்ணீர் கோத்துப் பழமெல்லாம் வெடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மாதத்தை நினைத்தால் எனக்குத் திராட்சை ஞாபகம் வருவதில்லை. என் சின்ன மகள் தாரணியின் கணக்கு விடைத்தாள்தான் வருகிறது.

பத்தாம் வகுப்பு, காலாண்டுத் தேர்வு. பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டிருந்தார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். போட்ட கணக்கெல்லாம் சரி. ஒன்றில்கூடத் தப்பில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் பார்த்தால் பெயில் என்று இருக்கிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூத்தவள் கவிதாதான் பார்த்துச் சொன்னாள். "ஏதேனும் பத்து வினாக்களுக்கு விடையளி" என்று போட்டிருந்த இடத்தில் தாரணி எல்லாக் கேள்விக்கும் எழுதியிருக்கிறாள். கூடுதலாக எழுதியதற்கு மதிப்பெண் கிடையாது. அப்படி எழுதி எழுதி நேரம் ஓடிவிட்டது. பெரிய கணக்குகள் இருந்த கடைசிப் பகுதிக்கு அவள் வந்து சேரவே இல்லை. அறிவியலிலும் அதே கதை. இது அல்லது அது என்று கேட்டால் இவளுக்கு இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்.

விழாக் கமிட்டிப் பிள்ளைகள் நம் கோயிலின் இந்தப் புரட்டாசிப் பொங்கல் விழா மலரில் ஆத்தாளின் மகிமையைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது, நான் முதலில் முடியாது என்றேன். எங்கள் வீட்டுக் கதை ஊரில் வேறு மாதிரி உலாவுகிறது. என் மகளுக்கு அருள் வந்தது, சன்னதியில் நின்று குறி சொன்னாள் என்கிறார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் எலுமிச்சம்பழத்தோடு வந்து அவளிடம் ஆசீர்வாதம் கேட்கிறார். அவள் பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது இன்னொரு பாவம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தாரணிக்கு ஆட்டிசம். நாலு வயதுவரை பேச்சு வரவில்லை. மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் பொறுமையாக விளக்கினார். இது நோய் இல்லை, இவளுடைய மூளை உலகத்தை வாங்கிக்கொள்கிற விதம் வேறு என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து, ஊரில் "காதுல லேசா கோளாறாம், சரியாப்போகுமாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்யை வைத்தே பத்து வருடத்துக்கு மேல் ஓட்டினேன். அவள் பேச ஆரம்பித்தாள், படிக்க ஆரம்பித்தாள். பார்த்தீர்களா சரியாகிவிட்டது என்று நானே நம்பிக்கொண்டேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் யாராவது பேனாவைத் தட்டினால் எழுத்து நின்றுவிடும். உத்தமபாளையத்தில் டியூசனுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்தில் மாஸ்டர் கூப்பிட்டு, "நல்ல பிள்ளதான், ஆனா மத்த பிள்ளைகளுக்கு எடைஞ்சலா இருக்குல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்றை விட்டுவிடுவது என்பது அவளால் ஆகவே ஆகாது. ஜன்னலின் ஒரு கதவைத் திறந்தால் மறு கதவையும் திறந்தாக வேண்டும். தட்டில் இரண்டு இட்லி இருந்தால் இரண்டையும் பிட்டு வைத்தபிறகுதான் சாப்பிடுவாள்.

பள்ளிக்கு வாரம் ஒருமுறை வருகிற சிறப்பாசிரியை ஒருவர் இருக்கிறார். அந்த டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தார். தேனி அரசாங்க ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால், பொதுத்தேர்வுக்குத் தனி அறை கிடைக்கும், கூடுதல் நேரம் கிடைக்கும், அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் கிடைக்கும், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம் என்று சொன்னார்.

"எரக்கப்பட்டுக் குடுக்கிறதில்ல சார். அவளுக்கு உள்ளது. அரையாண்டுக்கு முன்னாடி பேப்பரெல்லாம் அனுப்பியாகணும்."

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோகுமே டீச்சர்?"

"இப்ப மட்டும் தெரியாதா சார்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. என் கோபம் ஊர் அறிந்தது. "என் பிள்ளை ஊனம்னு நானே எழுதிக் குடுக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்" என்று கத்திவிட்டேன். டீச்சர் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். என் மனைவி செல்வி வாசல்வரை போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

கோபத்துக்குக் காரணம் மானம் மட்டும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் கவிதாவுக்குத் தேவாரம் என்கிற ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் பேச்சில் இருந்தது. நல்ல குடும்பம், நிலபுலம் உள்ளவர்கள், பையன் வேலையில் இருக்கிறான். தங்கச்சிக்கு இப்படி என்று ஒரு சான்றிதழ் இருப்பது தெரிந்தால் என்ன ஆகும்? நாளைக்கு உனக்குப் பிறக்கிறதும் இப்படியாகுமோ என்று யாராவது கிளப்பிவிட்டால்? இப்படித்தான் என் புத்தி ஓடியது. ஒரு மகளை மறைத்து இன்னொரு மகளைக் கரையேற்றலாம் என்று கணக்குப் போட்டேன்.

சான்றிதழ் வேண்டாம், நானே இவளைப் பழக்கிவிடுகிறேன் என்று கிளம்பினேன். தோட்டத்து மோட்டார் ரூமில் அவளை உட்கார வைத்துப் பழைய கேள்வித்தாளைக் கொடுத்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கேள்வியை விடுவது என்று சொல்லத் தெரியும் அல்லவா? கேள்வித்தாளை மடித்து, "இத விட்டுரு தாயி, அடுத்ததுக்குப் போ" என்றேன். அவள் மடித்ததை விரித்தாள். மறுபடி மடித்தேன். விரித்தாள். கையில் ஒன்று போட்டேன். அவள் அழவில்லை. தன் மணிக்கட்டைத் தானே கடித்தாள். பல் பதிந்து சிவந்துபோன அந்தக் கையாலேயே விட்ட கேள்வியையும் எழுதி முடித்தாள். நான் வெளியே வந்து பந்தலுக்கு அடியில் நின்றேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் மறுநாளும் அதையேதான் செய்தேன்.

வீட்டில் தினமும் சண்டை. கடைசியில் செல்வி பேச்சை நிறுத்திவிட்டாள். அது சண்டையைவிடக் கொடுமையாக இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"சரி, நீயும் வேணாம், நானும் வேணாம். ஆத்தாகிட்டப் பூப்போட்டுக் கேப்போம். அவ சொன்னா நாளைக்கே தேனிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

செல்வியின் முகம் தெளிந்துவிட்டது. "நெசமாத்தான் சொல்றீகளா?" என்று கேட்டாள். அவளுக்கு நம் ஆத்தாள் மீது அவ்வளவு நம்பிக்கை.

நம் கோயிலில் பூப்போட்டுப் பார்க்கிற முறை உங்களுக்குத் தெரியும். வெளியூரில் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக வாழையிலையில் மடித்து, ஒரே மாதிரி நாரால் கட்டி, ஆத்தாளின் காலடியில் வைப்போம். சூடம் காட்டியபின் ஒரு சின்னப் பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. கேட்கிறவன்தான் பொட்டலம் கட்ட வேண்டும். குளித்து, ஈர வேட்டியோடு, யாரும் பார்க்காத இடத்தில் கட்ட வேண்டும். கட்டுகிறவனைச் சந்தேகப்படுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. ஆத்தாளிடம் போய் யார் ஏமாற்றப்போகிறார்கள்?

நான் ஏமாற்றினேன்.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. வாய்க்காலில் முங்கி எழுந்து கோயிலுக்குப் பின்னால் போனேன். வெள்ளரளியும் செவ்வரளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வெள்ளைப் பக்கம் கை போகவே இல்லை. இரண்டு செவ்வரளியைப் பறித்தேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. உள்ளே வந்து காலடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடி இரண்டு வேண்டுதல் வேறு வைத்தேன். ஆத்தா, என் பிள்ளை எப்படியாவது பரீட்சையை முழுசாக எழுதி முடிக்கட்டும். நான் செய்ததை யாருக்கும் காட்டிக்கொடுத்துவிடாதே.

வழக்கமாகப் பொட்டலம் எடுக்கிறது பூசாரி வீட்டுப் பேத்தி. அன்றைக்கு அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல். பூசாரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏன், ஓம் மகளே இருக்காளே. இவளே எடுக்கட்டும். ஏத்தா தாரணி, இங்கன வா."

எனக்குப் பயம் எதுவும் இல்லை. எதை எடுத்தாலும் சிவப்புதானே? அவள் குனிந்து இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

"உத்தரவு இல்லையேப்பா" என்றார். எனக்குப் பின்னால் செல்வி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கூசாமல் போட்டுக்கொண்டேன்.

பூசாரி திருநீற்றுத் தட்டை எடுக்கத் திரும்பினார். அதற்குள் தாரணி மறுபடி குனிந்தாள். மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னல், இட்லி, கேள்வித்தாள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தன. "தாயி, வேணாம்" என்று கையை நீட்டினேன். அவள் நாரை இழுத்துவிட்டாள்.

"செவப்பு" என்றாள். முதல் பூவைக் காட்டி, "இதும் செவப்பு" என்றாள். பிறகு காலடியில் தேடினாள். இலையைத் தூக்கிப் பார்த்தாள். தேங்காய் மூடியை நகர்த்திப் பார்த்தாள். என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"வெள்ள எங்கப்பா?"

பூசாரி என் முகத்தைப் பார்க்காமல் தட்டைக் கீழே வைத்தார். "வெயில் ஏறுது. நடையச் சாத்தணும், கெளம்புங்க" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செல்வி சொன்னாள். "ஆத்தாளையே ஏமாத்துறவுகளுக்கு என்னய ஏமாத்துறதா பெருசு?" சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கவிதாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் கேட்டது அதைவிட மோசம். "என்னய வச்சா இவள மறைச்சீக? நான் கேட்டேனா?" நான் அவளுக்காகத்தான் செய்ததாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்படி ஒரு கல்யாணமே வேண்டியிருக்கவில்லை.

இவர்கள் இரண்டு பேரும் கேட்டதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாரணி கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. நான் ஏமாற்றினேன் என்பதும் அவளுக்குத் தெரியாது. இருக்க வேண்டிய ஒன்று அங்கே இல்லை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நிற்பாள். "வெள்ள எங்கப்பா?" சாப்பிட உட்கார்ந்தால் கேட்பாள். மருந்தடித்துவிட்டு வந்து கை கழுவும்போது கேட்பாள். சின்னமனூர் சந்தையிலிருந்து செல்வி வாங்கி வந்த மல்லிகையில் ஒரு மொட்டை எடுத்து, "இந்தா தாயி, வெள்ள" என்று நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது இல்ல. அங்கன வைக்கணும்."

பிள்ளையின் வாயிலிருந்து ஆத்தாள் பேசினாள் என்று ஊரில் சொல்வது இதைத்தான். அவளுக்கு அருளும் வரவில்லை, மருளும் வரவில்லை. அவள் என்றைக்கும் செய்வதைத்தான் அன்றைக்கும் செய்தாள். எதை நான் குறை என்று அடித்துத் திருத்தப் பார்த்தேனோ, அதே பழக்கம்தான் என்னைப் பிடித்துக் கொடுத்தது. அப்படி அவளைப் படைத்தவளிடம்தான் நான் போய் ஏமாற்று வேலை செய்திருக்கிறேன். இதை நினைத்து நான் பந்தலுக்கு அடியில் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன். வாய்விட்டு அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரியிடம் போய் நின்றேன். மறுபடி பூப்போட்டுக் கேட்க வேண்டும் என்றேன்.

"இந்தத் தடவ நாங் கட்டுறேன்" என்றார்.

"கட்டுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அவர் என் கண்ணெதிரிலேயே வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று வைத்துக் கட்டினார். பிறகு உள்ளே எடுத்துப் போய் இடம் மாற்றி வைத்தார். இப்போது எது எங்கே என்று எனக்குத் தெரியாது. உண்மையாகக் கேட்கிறவனுக்கு எவ்வளவு பயம் இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சிவப்பு வந்துவிட்டால்? இப்போது எனக்குச் சான்றிதழ் வேண்டும். ஆத்தா, வெள்ளையைக் கொடு, நான் செய்ததை மனதில் வைத்து என் பிள்ளையை வஞ்சித்துவிடாதே. செல்வி என் பக்கத்தில் நின்றாள். சன்னதியில் தவறிப்போய் என் கை அவள் கை மேல் பட்டது. அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

பூசாரி தாரணியைக் கூப்பிட்டார். "ஏத்தா, ஒன்னே ஒன்னு எடு" என்று விரலைக் காட்டிச் சொன்னார்.

அவள் குனிந்தாள். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, இரண்டையும் ஒன்றாக எடுத்தாள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் இரண்டு நாரையும் பல்லால் இழுத்துவிட்டாள்.

"செவப்பு. வெள்ள" என்றாள். "வந்துருச்சுப்பா."

அவள் சிரித்ததைப் பார்த்துப் பூசாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இப்ப என்ன உத்தரவுங்க?" என்று கேட்டேன்.

"ஆத்தா ஒன்னோட வெளையாட வரலயாம். அவகிட்ட ஏன் கேக்குற? பெத்தவன் நீ. போயி ஆகவேண்டியதப் பாரு."

அன்றிலிருந்து தாரணி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தேனிக்குப் போனோம். செல்வி, நான், தாரணி. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ முறை இப்படிப் பார்த்தவர்களுக்கு நான் "காதுல கோளாறு" என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் கேட்டபோது, "இவளுக்கு ஆட்டிசம்ங்க, சத்தம் தாங்காது" என்றேன். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அந்த அம்மா தன் மடியில் இருந்த பையனைக் காட்டி, "எம்பேரனுக்கும் அதான்" என்றார்.

தேவாரத்துக்காரர்களுக்கும் நானே போன் செய்து சொன்னேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். பிறகு போன் வரவில்லை. இந்த இடத்தில் எல்லாம் கூடிவந்தது, கல்யாணமும் நடந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடக்கவில்லை. கவிதா தேனியில் வேலைக்குப் போய்வருகிறாள். அவளுக்கு இன்னும் அமையவில்லை. தன் தலையெழுத்துக்கான பழியை என் மீது ஒருநாளும் அவள் போட்டதில்லை. அதனாலேயே அவளை நேருக்கு நேர் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் கத்தி அனுப்பிய டீச்சர்தான் சான்றிதழை வைத்து எல்லாவற்றையும் அனுப்பிவைத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க சார், நேரமில்ல" என்றார். தனி அறை கிடைத்தது. எழுத ஆள் கிடைத்தது. ஆனால் ஒன்று மிச்சமிருந்தது. நேரத்தைக் கூட்டிக் கொடுத்தாலும் இவள் எல்லாக் கேள்விக்கும் சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?

அதற்கு வழி கண்டுபிடித்தது செல்வி. தாரணி சாப்பாட்டைத் தட்டில் மிச்சம் வைக்க மாட்டாள், ஆனால் "இத ராத்திரிக்கு எடுத்து வச்சுருக்கேன்" என்று சொன்னால் வைத்துவிடுவாள். அதையே படிப்பிலும் சொல்லிப் பார்த்தாள். "இந்தக் கேள்விய விட வேணாம் கண்ணு. வீட்டுக்குக் கொண்டாந்துரு. இங்கன வச்சு எழுதுவோம்." தாரணி அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வரைந்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். மோட்டார் ரூமில் நான் அடித்தும் நடக்காதது அப்படி நடந்தது. விடச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எடுத்துவைக்கச் சொன்னால் அவள் வைப்பாள். இது எனக்குத் தோன்றவில்லை.

பங்குனியில் பொதுத்தேர்வு. ஒவ்வொரு பரீட்சைக்கும் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஆத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் வெளியே வந்து போனபிறகு, கூடுதல் நேரம் முடிந்து இவள் மட்டும் கேள்வித்தாளைப் பிடித்துக்கொண்டு வருவாள். அதில் அங்கங்கே சின்ன வீடு வரைந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் அந்த வீடுகளை எழுதியாக வேண்டும். கொடுத்த வாக்கு அது. நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்து வருகிறவள் எழுத மாட்டாள். அங்கே ஒரு ஆள் எழுதியது போல இங்கேயும் ஒரு ஆள் எழுத வேண்டும். அந்த ஆள் நான்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். திராட்சைப் பந்தலில் கொடி வெட்டுகிற கவாத்துக் கத்திரி பிடித்துக் காய்த்துப்போன கை இது. பேனா நிற்கவில்லை. அறிவியலில் பாதிச் சொல் எனக்குப் புரியவில்லை. தப்பாக எழுதினால் அவள் பொறுமையாக, "அழிப்பா. திருப்பி எழுது" என்பாள். ஒருநாளும் கையில் அடிக்கவில்லை. எந்தக் கையில் நான் அடித்தேனோ, அந்தக் கையால் என் கையைப் பிடித்துக் கோடு போடக் கற்றுக்கொடுத்தாள். நான் குனிந்துகொண்டேன். கண்ணீர் தாளில் விழுந்தால் மையெல்லாம் கலைந்துவிடும், மறுபடி முழுவதும் எழுதச் சொல்லிவிடுவாள்.

தாரணி பாஸ். எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் வகுப்பே திரும்பிப் பார்க்கிற மார்க். இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். அதே பள்ளிக்கூடம்தான். இன்றைக்கும் மணி அடித்தால் காதைப் பொத்துகிறாள். ஆனால் மணிக்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவைக்க இரண்டு தோழிகள் இருக்கிறார்கள்.

நான் வைத்த வேண்டுதல் இரண்டு. பிள்ளை பரீட்சையை முழுசாக எழுத வேண்டும் என்று ஒன்று. நான் செய்ததைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று ஒன்று. இரண்டாவதை ஆத்தாள் அந்த நிமிடமே தள்ளிவிட்டாள். தள்ளாமல் இருந்திருந்தால் முதலாவது நடந்திருக்காது. என் மகள் இந்நேரம் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் இருந்திருப்பாள். ஆத்தாள் உத்தரவு தரவில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். செல்வியும் அதை நம்பி விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

ஆத்தாள் என்னை மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. பூசாரியிடம் கேட்டேன். "மன்னிக்காமயா பேனாவ எடுத்துக் கையில குடுத்தா?" என்றார். அதை நம்பிக்கொண்டு இருக்கிறேன்.

இந்தப் புரட்டாசிப் பொங்கலுக்கு நானும் செல்வியும் மாவிளக்கு எடுக்கிறோம். கவிதாவுக்காக ஒரு வேண்டுதல் இருக்கிறது. அதற்கும் பூப்போட்டுக் கேட்கலாமா என்று செல்வி கேட்டாள். பொட்டலம் கட்ட நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் போலப் பிள்ளையை மறைத்து வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறவர்கள் நம் பக்கத்து ஊர்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். ஆத்தாளிடம் வாருங்கள். அழுது கேளுங்கள், சண்டை போட்டுக்கூடக் கேளுங்கள். அவள் கைவிட மாட்டாள், நான் சாட்சி. ஆனால் பூப்போட்டுக் கேட்க வருகிறபோது, தயவுசெய்து வெள்ளையையும் வையுங்கள்.